கழுவி முடியும்வரை

அப்பாவின் பிரஷர் மாத்திரைக்காகக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தபோதுதான் இந்த யோசனை எனக்கு வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் முடிச்சுப் போட்ட ஒரு சொப்பிங் பேக்கைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். வரிசையில் நின்றால் எனக்குச் சும்மா இருக்க வராது. "மரக்கறியாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, பாம்பு" என்றார், கத்தரிக்காய் என்று சொல்லுகிற மாதிரி.

அவருடைய தம்பியைப் பாம்பு கடித்து உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். டொக்டர் என்ன பாம்பு என்று கேட்பார், அதற்காக அடித்துக் கொண்டுவந்திருந்தார். நம் மலைப் பக்கத்தில் இது வழக்கம். கடிபட்டவரை ஒரு த்ரீவீலில் ஏற்றினால், கடித்ததையும் பின்னாலேயே பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணும் நின்றாள். அவளுடைய புருஷனையும் பாம்புதான் கடித்திருந்தது. ஆனால் அவள் கையில் பை இல்லை. தாதி திரும்பத் திரும்ப என்ன பாம்பு என்று கேட்க, அவள் அழுகிற குரலில், "கடிச்சது தெரியும் மிஸ்ஸி, கடிச்சது எதுன்னு தெரியாது" என்றாள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் குரல் காதில் இருந்தது. பாம்பைத் தேடிக் காட்டுக்குள் ஏன் ஓட வேண்டும்? அது தன்னுடைய விஷத்தை அந்த மனிதருடைய இரத்தத்துக்குள்ளேயே விட்டுவிட்டுத்தானே போயிருக்கிறது? இரத்தத்தைக் கேட்டால் சொல்லாதா? அப்போது நான் தண்ணீரில் இருக்கும் கிருமிகளை மின்சாரத்தால் கண்டுபிடிக்கும் சிப் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். பேராதனை தாண்டுவதற்குள் அந்தக் கிருமிகளை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை புதிதாக வேலைக்குச் சேர்ந்து என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறேன். கடிபட்டு வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டு இரத்தம் வாங்கி உங்களுக்கு அனுப்புவது இனி என் வேலை. இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவது பென்ஷன் வாங்குகிறவர்கள் செய்கிற காரியம், உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று என்னோடு வேலை செய்கிற தர்ஷினி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பம்பைப் பூட்டுவது, சிப்பைத் துடைப்பது எல்லாவற்றையும் அவளே உங்களுக்குக் காட்டித் தருவாள். ஆனால் ஒரு நாளைப் பற்றி அவள் தானாகப் பேசமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் சிப். விரல் நகத்தளவு. அதன் மேல் தங்கத்தால் ஒரு தடம் போட்டிருக்கிறோம். அந்தத் தடத்தில் பிறபொருளெதிரிகளை ஒட்டி வைத்திருக்கிறோம், நீங்கள் ஏ.எல். உயிரியலில் படித்த அதே பிறபொருளெதிரிதான், அந்நியப் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள உடம்பு உண்டாக்கும் புரதம். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தில் இருந்தால், அது வந்து இதில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் தடத்தின் மின்னோட்டம் கொஞ்சம் குறையும், லெப்டொப்பில் ஒரு கோடு இறங்கும். மற்ற முறைகளில் மூலக்கூறின் மேல் சாயமோ ஒளிரும் பொருளோ ஒட்டிவிட்டுத்தான் பார்க்க முடியும். அதற்கு நேரம் பிடிக்கும், பாம்புக்கடிக்கு அந்த நேரம் கிடையாது. நாம் எதையும் ஒட்டுவதில்லை. இருட்டு வீட்டுக்குள் ஒருவர் நுழைந்ததை, பலகை அசைவதை வைத்துத் தெரிந்துகொள்வது மாதிரி. வில்லங்கமும் அங்கேதான் இருக்கிறது. யார் மிதித்தாலும் பலகை அசையும்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது என் இரத்தத்தில். ஆரோக்கியமான ஆள் ஒருவருடைய சீரம், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர், வேண்டுமென்று, என் கையிலிருந்தே எடுத்துச் சிப்பில் விட்டோம். கோடு சர்ரென்று இறங்கியது. தர்ஷினி கதிரையிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அடியேய், ஒன்னைய விரியன் கடிச்சிருக்குடி!"

"எப்படீ?"

"அது எனக்கென்ன தெரியும்? ஆனா இப்பதான் வெளங்குது, பேச்சுல எங்கருந்து இவ்வளவு விஷம்னு."

இரத்தத்தில் உப்பு இருக்கிறது, நூறு வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவையெல்லாம் தங்கத்தின் மேல் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகும். சுத்தமான கரைசலை மெதுவாக ஓட விட்டுக் கழுவினோம். உட்கார்ந்திருந்தவை எழுந்து போக, கோடு ஏறிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உண்மையாகப் பிடித்தது மட்டும்தான் கழுவினாலும் விடாது. அன்றைக்கே தர்ஷினி ஒரு வெள்ளை டேப்பில் எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினாள்: கழுவாமல் வாயைத் திறக்காதே. கூடவே பிறபொருளெதிரி எதுவும் ஒட்டாத இன்னொரு தடத்தையும் சிப்பில் சேர்த்தோம். அதை வெறுந்தடம் என்று கூப்பிடுகிறோம். இரண்டு தடமும் சேர்ந்து இறங்கினால், அது விஷம் இல்லை.

தர்ஷினி ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா மாரியம்மா கொழுந்து எடுக்கிறவர். நான் கம்பளையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, குண்டசாலையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் எழுதி ஒட்டிய விதி பிறகு அவள் மேலேயே வந்து விழும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த நாள் காலையில் தர்ஷினியின் மாமாவிடமிருந்து போன் வந்தது. தோட்டத்தில் வேலை இல்லாத நாள்களில் மாரியம்மா கீழே வயல் பக்கம் கூலி வேலைக்குப் போவார். அங்கே வரப்பில் புல் வெட்டும்போது கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது, கண்டிக்குக் கொண்டு வருகிறோம் என்றார். நாங்கள் இருவரும் ஆய்வுகூடத்திலிருந்து அப்படியே ஓடினோம்.

ஆஸ்பத்திரியின் நோயாளர் விடுதியில் அன்று டியூட்டியில் இருந்தவர் எங்களோடு இந்த ஆய்வில் சேர்ந்து வேலை செய்கிற டொக்டர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நாங்கள் போன நேரம் அவர் மாமாவின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதுக்குள்ள பாம்பு எங்க இருக்கு?"

"எல்லாம் இருக்குங்க டொக்டர். கொஞ்சம் நல்லா அடிச்சிட்டோம்."

"தலை?"

"தலைய வச்சிருந்தா திரும்பி வந்துரும்ங்களே."

"தலையைப் பாத்துத்தானே ஐயா நான் சொல்லலாம். இது கஞ்சி மாதிரியெல்லோ கிடக்குது."

கட்டிலிலிருந்து மாரியம்மா குரல் கொடுத்தார். "என்னைய கடிச்சது அது இல்லன்னு அப்பயிருந்து சொல்றேன், கேக்குறாங்களா? அது பாவம், வேலியோரமா படுத்துக் கெடந்தது."

"அப்ப கடிச்சத நீங்க பாத்தனீங்களோ அம்மா?"

"எங்கங்க பாத்தேன்? காலுதான் பாத்துச்சு."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு இல்லை. "மேல தேயிலைக்குள்ள எண்டா பெரும்பாலும் அந்தச் சின்ன விரியன்தான், சருகுக்கை கிடக்கிறது. கீழ வயல் எண்டா கண்ணாடி விரியனும் இருக்கலாம். கண்ணாடி விரியன் எண்டா விஷமுறிவு மருந்தைப் பிந்தாமல் ஏத்த வேணும், இல்லாட்டி இரத்தம் உறையாது, கிட்னியும் போயிடும். சின்ன விரியன் எண்டா அந்த மருந்து வேலை செய்யாது. சும்மா ஏத்தினால் அந்த மருந்தே பிரஷரை விழுத்தும், மூச்சையும் அடைக்கும். இவவுக்கு முந்தி வீசிங்கும் இருந்திருக்காம்."

கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்த இரத்தத்தைச் சாய்த்துக் காட்டினார். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அது, இப்போதும் அதைத்தான் நம்புகிறார்கள். குழாயில் இருந்தது முழுக்கக் கட்டியாகவும் இல்லை, தண்ணீராகவும் இல்லை. "இத நான் நம்பேலாது. புதுசா ஒண்டு வைக்கிறன்" என்றார்.

எங்கள் ஆய்வுக்கு இப்படிப்பட்ட இரத்தம் வாங்க அனுமதி இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. சிப் சொல்லுவதை நாங்கள் விடுதிக்குச் சொல்லக் கூடாது. அது இன்னும் பரீட்சை பாஸாகாத பிள்ளை. டொக்டர் மாரியம்மாவிடம் சம்மதம் கேட்டார். "பாம்பு என்ன கேட்டுட்டா கடிச்சுச்சு? நீங்க கேக்குறீங்களே, எடுத்துக்கங்க" என்றார் மாரியம்மா.

தர்ஷினி என் கையில் ஐஸ் பெட்டியைத் திணித்தாள். "நீ போய் சிப்புல ஓட்டு. நான் அம்மாகூட இருக்கேன்." அவள் கை பெட்டியை விட்ட பிறகும் ஒரு கணம் அதன் மேலேயே இருந்தது.

எங்கள் பேராசிரியர் அன்றைக்குக் கொழும்பில். போனை எடுக்கவில்லை. ஆய்வுகூடத்தில் நான் தனியாக உட்கார்ந்து மாரியம்மாவின் சீரத்தைச் சிப்பில் விட்டேன். மற்ற நாள்களில் குழாயில் ஓர் எண் மட்டும் இருக்கும், அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

கோடு இறங்கியது. வெறுந்தடம் பெரிதாக அசையவில்லை. மற்றது மட்டும் வழுக்கிக்கொண்டு, நாங்கள் கண்ணாடி விரியனின் விஷத்தை வைத்துப் பழகியபோது இறங்கிய மாதிரியே இறங்கியது. அதுவரை நோயாளி ஒருவருடைய இரத்தத்தில் நான் பார்த்ததிலேயே அழகான கோடு அது. இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகும் பெரிய ஆபத்து அழகான கோடுகள்தான்.

போன் அடித்தது.

"விழுந்துருச்சா?"

"விழுந்திருக்கு. இன்னும் கழுவல."

"எவ்வளவு?"

"நல்லா விழுந்திருக்கு."

"வெறுந்தடம்?"

"பெருசா அசையல."

"அப்ப கண்ணாடி விரியன்தான்டி. டொக்டர்கிட்ட சொல்லிட்றேன்."

"தர்ஷினி, கழுவாம சொல்லாத."

"நீ கழுவி முடிக்கிறதுக்குள்ள எங்கம்மாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஒங்கம்மாவா இருந்தா இப்புடித்தான் ஒக்காந்து கழுவிக்கிட்டு இருப்பியா?"

அதற்குள் போன் கை மாறியது. "நான்தான்" என்றார் டொக்டர். "நான் கேக்கக் கூடாது எண்டு தெரியும். இருந்தாலும் கேக்கிறன். என்ன சொல்லுது உங்கட சிப்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இது வரும். பேசக் கூடாது என்ற நிபந்தனையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தர்ஷினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற டொக்டருக்கு என் மௌனமே ஒரு பதிலாகியிருக்கும். கழுவி முடியும்வரை பொறுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அது இன்னும் மோசம், ஏனென்றால் அவர் பொறுத்திருப்பார். பரீட்சை பாஸாகாத ஒரு சிப்புக்காக ஒரு டொக்டர் காத்து நிற்பார். இது எனக்குப் படிப்பிலிருந்து வரவில்லை. அவருடைய குரலில் இருந்த எதிர்பார்ப்பைக் கேட்டுப் பயந்துதான் வந்தது.

"டொக்டர், சிப் இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லுற மாதிரி இருக்கு, ஆனா சொல்லல. எங்களுக்காக ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. நாங்க இல்லன்னு வச்சிக்கிட்டு முடிவெடுங்க."

"ஓம். அது விளங்குது" என்றார். ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்ப நான் என்ட குழாயையும் இவவின்ட கண்ணையும் பாக்கிறன்." பிறகு அவர் தர்ஷினியிடம் சொல்வதும் கேட்டது. கண்ணாடி விரியன் என்றால் இமைகள் தானாகத் தொங்கும், அம்மாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், நித்திரை கொள்ள விடாதீர்கள் என்றார்.

தர்ஷினி போனைத் துண்டிக்க மறந்துவிட்டாள். கட்டிலில் எங்கோ கிடந்திருக்க வேண்டும். நான் பம்பைத் திருப்பி, கழுவும் கரைசலை ஓட விட்டேன். கையில் போனை வைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடி, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துண்டித்திருக்க வேண்டும்தான். முடியவில்லை.

"தூங்காதம்மா. என்னையப் பாரு."

"விடியுறதுக்கு முன்ன எந்திரிச்சது பிள்ள. கண்ணு சொருகுது."

"சொருகக் கூடாது. ஏதாச்சும் கேளு என்கிட்ட."

"என்னத்த கேக்க?" மாரியம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. "நீ அங்க என்ன வேலைதான் செய்யிற? பக்கத்து லயத்து வீட்டுல கேட்டா கம்பியூட்டர்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கம்பியூட்டர் இல்லம்மா. பாம்பு விஷத்தப் புடிக்கிற வேலை. தங்கத்துல ஒரு கோடு மாதிரி போட்டு வச்சிருக்கோம்."

"தங்கமா? எத்தன பவுனு?"

"கண்ணுக்கே தெரியாதும்மா."

"கண்ணுக்குத் தெரியாத தங்கத்துக்கா இம்புட்டு வருஷம் படிச்ச?"

தர்ஷினி சிரிப்பதும் அழுவதும் ஒன்றாகக் கேட்டது. பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். விஷம் எப்படித் தங்கத்தில் வந்து உட்காரும், மின்சாரம் எப்படிக் குறையும், கழுவினால் எது போகும், எது நிற்கும். எங்கள் கூட்டங்களில்கூட அவள் இவ்வளவு நன்றாக விளக்கியதில்லை. மாரியம்மா நடுநடுவே "ம்" போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

"அப்ப என் ரத்தம் இப்ப அங்கதான் இருக்கா? ஒன் கூட்டாளிப் புள்ளகிட்ட?"

"ஆமாம்மா."

"அது நல்ல புள்ள. பயந்திருக்கும்."

கோடு ஏறத் தொடங்கியது. சட்டென்று இல்லை, தயங்கித் தயங்கி. முழுக்க ஏறிவிட்டால் அது வெறும் தூசு. ஏறாமல் நின்றால் கண்ணாடி விரியன். அது இரண்டும் செய்யவில்லை. பாதி தூரம் ஏறிவந்து அங்கேயே நின்றது.

தர்ஷினிக்குப் போன் நினைவு வந்தது அப்போதுதான். "கழுவிட்டியா?"

"பாதி நிக்குது."

"பாதின்னா என்னடி அர்த்தம்?"

"தெரியல."

போன் வைக்கப்பட்டது.

அன்று பகலில் நடந்ததை நான் பிறகுதான் கேட்டேன். டொக்டர் வைத்த இரண்டாவது குழாயில் இரத்தம் ஜெலி மாதிரி உறைந்திருந்தது. குழாயைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சொட்டும் விழாததைத் தர்ஷினிக்குக் காட்டியிருக்கிறார். மாரியம்மாவின் கண்கள் மட்டும் மூடிவிட்டன. தர்ஷினி அலறியதில் விடுதியே திரும்பிப் பார்க்க, மாரியம்மா கண்ணைத் திறந்து, "ஒரு வாய் தேத்தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். வெறும் தூக்கம்தான். விஷமுறிவு மருந்து ஏற்றவில்லை. கால் யானைக்கால் மாதிரி வீங்கி, மெல்ல வடிந்தது. கிட்னியைக் கொஞ்ச நாள் கவனமாகப் பார்த்தார்கள், இப்போதும் மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் டொக்டரைப் பார்க்கப் போனேன். கோப்புகளை அடுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "நீர் அண்டைக்குக் கண்ணாடி விரியன் எண்டு சொல்லியிருந்தால், நான் மருந்தை ஏத்தியிருப்பன்."

ஆனால் தர்ஷினி என்னோடு பேசவில்லை. ஒரே அறையில், ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில். காலையில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள். என் கப்பை மேசையில் வைப்பாள், கையில் தரமாட்டாள். குண்டசாலையிலிருந்து ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக நின்று வேலைக்குப் போனோம். அம்மா தேறிவிட்டார் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே என் மேல் கோபமும் இருந்தது. நான் செய்தது சரி என்று இரண்டு பேருக்கும் தெரியும். சரி என்பது ஆறுதல் இல்லை.

பிறகு வேறொரு ஆய்வுகூடத்திலிருந்து, சாயம் ஒட்டிப் பார்க்கும் பழைய முறையில் செய்த சோதனையின் முடிவு வந்தது. மாரியம்மாவைக் கடித்தது சின்ன விரியன். தர்ஷினி அந்த முடிவைப் படித்தாள். வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவோட கோட்டப் போடு."

போட்டேன். இறங்கியது, நின்றது, கழுவ ஆரம்பித்ததும் தயங்கித் தயங்கி ஏறியது.

"பழைய கண்ணாடி விரியன் கோடு ஒண்ணு போடு. ஒன்னோட ரத்தத்தையும் போடு."

மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன். தர்ஷினி திரையில் விரலை வைத்தாள், இறங்கும் இடத்தில் இல்லை, ஏறும் இடத்தில். "இங்க பாரு. ஒன் ரத்தம் கழுவுன ஒடனே விட்டுட்டு ஓடுது. கண்ணாடி விரியன் விடவே இல்ல. எங்கம்மாவோடது மட்டும் மனசில்லாம விடுது."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தோம். சின்ன விரியனும் கண்ணாடி விரியனும் ஒரே குடும்பம். விஷத்தில் சில மூலக்கூறுகள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எங்கள் பிறபொருளெதிரி தம்பியை அண்ணன் என்று நினைத்துப் பிடித்திருக்கிறது, ஆனால் இறுக்கிப் பிடிக்கவில்லை. அந்தப் பாதிக்கு அர்த்தம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் கழுவி முடிந்த பிறகு கோடு எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் பார்த்தோம். அது எப்படி அங்கே வந்தது என்று பார்க்கவே இல்லை. எது எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதிலேயே அது எந்தப் பாம்பு என்ற விடை இருக்கக்கூடும்.

இருக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். ஒரே ஒரு அம்மாவின் ஒரே ஒரு கோடு அது.

"ஒங்கம்மாவா இருந்தான்னு கேட்டேன்ல" என்றாள் தர்ஷினி, திரையைப் பார்த்தபடி.

"ம்."

"இருந்தா?"

"நானும் ஒன்னைய மாதிரியே கத்தியிருப்பேன். நீ இங்க ஒக்காந்து கழுவியிருப்ப."

மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கப்பை என் கையில் தந்தாள்.

இனி உங்கள் வேலை. சின்ன விரியனுக்கென்று தனியாக ஒரு பிறபொருளெதிரி நமக்கு வேண்டும். அதற்காகக் குண்டசாலையில் ஒரு பண்ணையில் சில கோழிகளுக்கு அந்த விஷத்தை, ஆபத்தில்லாத அளவில், ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். கோழியின் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் பிறபொருளெதிரி முட்டையின் மஞ்சள் கருவுக்குள் வந்து சேரும். மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்ததைத் தங்கத்தில் ஒட்டி, வெறுந்தடம், கண்ணாடி விரியன் தடம், சின்ன விரியன் தடம் என்று மூன்று தடம் உள்ள புதுச் சிப் ஒன்றை இந்த வாரம் தயார் செய்துவிட்டோம். கிளினிக்குக்கு வந்தபோது மாரியம்மாவிடம் சொன்னேன். "பாம்புக்கடிக்கு முட்டையா? கறி வைக்கிறதுக்கே முட்டை இல்ல" என்றார்.

அவருடைய அன்றைய சீரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, உறைய வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை புதுச் சிப்பில் முதலில் அதைத்தான் ஓட்டப் போகிறீர்கள். தர்ஷினி பக்கத்தில் இருப்பாள், ஆனால் பம்பைத் திருப்புவது உங்கள் கை. இறங்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ஏறுவதைக் கண் எடுக்காமல் பாருங்கள். மூன்று தடமும் மூன்று விதமாக விட்டால், நம் யோசனை ஒரு படி ஏறியது. ஒரே மாதிரி விட்டால், நாங்கள் ஓர் அழகான கோட்டை நம்பி ஏமாந்திருக்கிறோம். அதையும் அப்படியே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை மாரியம்மாவின் கிளினிக் நாள். நான் அவரோடு வரிசையில் இருப்பேன், கையில் போனோடு. என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தில் காத்திருப்பது எப்படி என்று எனக்கும் தெரிய வேண்டும். மாரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: எங்களுக்கே விடை தெரியாமல் போகலாம் அம்மா.

"அதனாலென்ன?" என்றார். "தெரியலன்னாலும் போன் போடச் சொல்லு. தெரியலன்னு சொல்லுறதுக்கும் ஒரு ஆளு இருக்கணும்ல."

அவர் நம்பரைத் தர்ஷினியிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.